காட்டெருமைக்குப் பட்டா யார் கொடுப்பது?

அரைப்படிக்காப்பி
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. ஏற்காட்டில் நாகலூருக்குப் பக்கத்தில் அப்பா வாங்கிப் போட்ட இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. எஸ்டேட் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. பழம் பறித்து விற்றால் உரம், கூலி போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

போன வாரம் மூன்று காட்டெருமைகள் கீழ்ப்பக்க வேலியை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து ராத்திரி தங்கிவிட்டுப் போயிருக்கின்றன. காலையில் போய்ப் பார்த்தேன். அவை படுத்த இடத்தில் அரபிகாச் செடிகள் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தன. பத்து வருஷச் செடி ஒன்று கவட்டையில் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ஈர மண்ணில் குளம்புத் தடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி, அதில் காப்பி இலை மிதந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், 23 செடி போச்சு.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அந்த ஊர் மலையாளி. (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே மலையாளி என்றால் கேரளாக்காரர் இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடி.) அவர் பதறவே இல்லை. அறுந்த கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, “இந்த எடத்துல மட்டும் கட்ட வேண்டாம் சாமி, அதுங்க தண்ணிக்கு எறங்குற தடம் இது” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நிலம் என் பேரில் இருக்கிறது, வரி நான் கட்டுகிறேன்.

சோலார் வேலி போட விசாரித்தால் செலவு கையைக் கடிக்கிறது. அதே சமயம் மர வியாபாரி ஒருவர், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை விலை பேசுகிறார். மரத்தை விற்றால் வேலிக்குப் பணம் வந்துவிடும். எருமையை வெளியே நிறுத்த மரத்தைக் காவு கொடுக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். இதைக் கேட்டதும் கல்லூரியில் படிக்கும் மகன், “மலையை மலைக்கே விட்டுட்டு வந்துடுங்கப்பா” என்கிறான். காப்பி குடித்துக்கொண்டேதான் சொன்னான்.

வேலி எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்க வரவில்லை. அந்த மலையில் எனக்கு இருக்கும் உரிமை எந்த மாதிரியானது? எருமைக்கு இருப்பது உரிமையா, நாம் பார்த்துக் கொடுக்கும் சலுகையா? யோசித்தவர்கள் சொல்லுங்கள்.


வாரக்கடைசி_வண்டி
ஞாயிறு, இரவு 10.15

உங்கள் மகன் சொல்வதுதான் சரி. மாதம் ஒரு முறை பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவன் நான். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கட்டடம் முளைத்திருக்கிறது. மனுஷன் கால் வைத்த மலை உருப்படாது. தோட்டம், ஊர், விடுதி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு மொத்த மலையையும் சரணாலயம் ஆக்கிவிட வேண்டும். காட்டெருமையால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பதே தப்பு. அது உயிரோடு இருப்பதே அதற்குப் போதுமான நியாயம்.


மஞ்சக்குட்டைக்காரன்
ஞாயிறு, இரவு 10.52

“தோட்டம், ஊர், விடுதி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு”

அண்ணா, நீங்கள் நடுவில் போகிற போக்கில் சொன்ன அந்த “ஊர்” எங்கள் வீடு. எங்களை எங்கே இறக்கி வைப்பீர்கள்? அடிவாரத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலா?

மலையாளிகள் நாங்கள் ஆதியிலிருந்து இங்கேயே முளைத்தவர்கள் என்று சொல்லமாட்டேன். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையை எங்கள் பெரியவர்களே சொல்வார்கள். ஆனால் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டு வந்தபோது நாங்கள் இங்கே சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் தோட்டம் விரிய விரிய எங்கள் கொல்லை சுருங்கியது. இன்னொரு பக்கம் காடு அரசாங்கக் காடு ஆனது. விறகுக்குப் போன பாட்டி, எப்போதும் போகும் அதே பாதையில் போய்க் குற்றவாளி ஆனார். இப்போது மூன்றாவதாக நீங்கள் வருகிறீர்கள், மலை மேல் உள்ள பாசத்தால் எங்களை இறக்க.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.


கரும்பலகை
திங்கள், காலை 6.30

அரசியல் அறிவியல் பாடம் நடத்துகிறவள். பள்ளிக்கூட வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே நடந்த சண்டை 50 வருஷம் பழசு. நார்வேத் தத்துவ அறிஞர் ஆர்னே நேஸ் 1973இல் ஒரு கட்டுரையில் இரண்டு விதமான சூழலியல் உண்டு என்றார். ஒன்று மேலோட்டமானது. பணக்கார நாடுகளில் இருப்பவர்களின் உடம்பும் சொகுசும் கெடக் கூடாது என்பதற்காக மாசைக் குறைப்பது. இன்னொன்று ஆழமானது. ஒவ்வொரு உயிருக்கும் வாழவும் மலரவும் சம உரிமை உண்டு, அது மனிதனுக்குப் பயன்படுகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை என்பது. வாரக்கடைசி_வண்டி சொன்னது அப்படியே இந்த இரண்டாவது. யோசித்துப் பார்த்தால் அழகான எண்ணம்தான், குறை சொல்ல முடியாது.

அதே 1973இல் நம் நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரலில் காட்டுப் புலிகளைக் காக்க அரசின் புலிகள் திட்டம் தொடங்கியது. அதே மாதம் இமயமலையில் மண்டல் என்ற ஊரில் சிப்கோ என்ற மரம் காக்கும் போராட்டம் தொடங்கியது. சிப்கோ என்றால் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்த படம்தான் எல்லோருக்கும் ஞாபகம். ஆரம்பம் வேறு. உழவுக் கருவி செய்ய ஊர்க்காரர்கள் கேட்ட மரத்தைக் கொடுக்காத வனத்துறை, அதே மரத்தை வெட்ட விளையாட்டுச் சாமான் செய்யும் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. சண்டை அங்கே வந்தது. மரத்தை யாருமே தொடக் கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை, யார் தொடுவது என்று கேட்டார்கள்.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இல் நேஸ் வழியினருக்குப் பதில் எழுதியபோது இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆளில்லாக் காடு என்ற அமெரிக்க ஆசையை ஜனநெருக்கமுள்ள இந்தியாவில் கொண்டுவந்து நட்டால், ஏழையிடம் இருக்கும் காட்டைப் பிடுங்கி வசதியானவனின் சுற்றுலாவுக்குக் கொடுப்பதில்தான் முடியும் என்றார். புலிகள் திட்டத்தையே உதாரணமாகக் காட்டினார். மஞ்சக்குட்டைத் தம்பி அதை ராத்திரி 10.52க்கு நான்கு வரியில் எழுதிவிட்டார்.


வெள்ளைக்கல்
திங்கள், காலை 11.05

நான் மலையைத் தோண்டியவன். ஜாகீர் அம்மாபாளையம் பக்கம், மேக்னசைட்டில் வேலை. ஊரில் வெள்ளைக்கல் என்போம். ஓமலூர் ரோட்டில் போகும்போது ஒரு பக்கம் பச்சையே இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறதே, அதுதான். வெள்ளைக்காரன் அதற்குச் சாக்கட்டி மலை என்றே பேர் வைத்தான்.

எங்கள் வீட்டு வேப்பமரத்தின் இலை மழை பெய்த மறுநாள்தான் பச்சையாக இருக்கும். மற்ற நாளெல்லாம் மாவு பூசின மாதிரி. சம்சாரம் துணியை விடியுமுன்னே காயப்போட்டு எட்டு மணிக்குள் எடுத்துவிடுவாள். அந்தத் தூசியில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பெரியவன் இப்போது சுற்றுச்சூழல் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கிறான்.

வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டுச் செங்கல் பண்ணுவார்கள். இரும்பு உருக்கும் உலையின் உள்சுவருக்கு அந்தச் செங்கல் வேண்டும், சாதாரணக் கல் அந்தச் சூட்டுக்கு நிற்காது. ஆக ரயில் தண்டவாளம், பாலம், வண்டி சாரின் பைக் எல்லாவற்றிலும் எங்கள் மலை கொஞ்சம் இருக்கிறது. தோண்டியதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தும். எங்களைக் கேட்டுத் தோண்டவும் இல்லை, தோண்டுவதை நிறுத்தியபோது எங்களைக் கேட்டு நிறுத்தவும் இல்லை. பெரிய பள்ளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. நிறம் பார்க்க அவ்வளவு அழகு. பையன்கள் குளிக்கப் போகிறான்கள், பயமாக இருக்கிறது.


வாரக்கடைசி_வண்டி
திங்கள், பகல் 12.20

ஐயா, சுரங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா? அப்படியானால் கஞ்சமலையில் இரும்பு இருக்கிறது, அதையும் தோண்டிவிடலாமே. சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு எதிராக 2018இல் இதே மாவட்டத்துக்காரர்கள்தானே வயலில் இறங்கி அழுதார்கள்?


நெறியாளர்
திங்கள், பகல் 12.31

எட்டு வழிச்சாலைக்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே பல பக்கம் ஓடிவிட்டது. 277 கிலோமீட்டரும் அங்கேயே போகட்டும். பெரியவர்களிடம் மரியாதை.


கரும்பலகை
திங்கள், மாலை 5.10

வெள்ளைக்கல் ஐயா சொன்னதற்கு ஒரு ஒட்டு. முர்ரே புக்சின் என்று ஓர் அமெரிக்கர். இளமையில் வார்ப்பாலையில் வேலை பார்த்தவர், அதனால் உலையின் சூடு தெரிந்தவர். மனிதனை மனிதன் அடக்கி ஆளும் பழக்கம் முதலில் வந்தது, அதிலிருந்துதான் இயற்கையை அடக்கி ஆளலாம் என்ற எண்ணம் பிறந்தது என்பது அவர் வாதம். “மனிதன் பூமியைக் கெடுத்தான்” என்று பொதுவாகச் சொல்வதை அவரால் தாங்க முடியாது. எந்த மனிதன்? தூசி தின்றவனும் லாபம் எடுத்தவனும் ஒரே மனிதனா? ஆழச் சூழலியல்காரர்களோடு அவர் கடைசிவரை சண்டை போட்டது இதனால்தான்.

அவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மனிதருக்குள் சமத்துவம் வந்துவிட்டால் எருமை பிரச்சினை தானே தீர்ந்துவிடுமா? ஊரே கூடி, ஓட்டுப் போட்டு, சமமாகப் பங்கு வைத்துக்கொண்டு ஒரு மலையைத் தின்று தீர்க்க முடியாதா? முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் நேஸ் மறுபடி தேவைப்படுகிறார்.


அரைப்படிக்காப்பி
திங்கள், இரவு 8.45

நன்றி டீச்சர். இன்று முழுக்க ஒரு விஷயம் மண்டையைக் குடைந்தது. இங்கே “இயற்கை, இயற்கை” என்று பேசுகிறோமே, என் தோட்டத்தில் எது இயற்கை? காப்பி எத்தியோப்பியாவிலிருந்து அரேபியா வழியாக வந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. மரத்தில் ஏறியிருக்கும் மிளகு ஒன்றுதான் நம் பக்கத்துச் சரக்கு. மகன் “மலைக்கே விடுங்கள்” என்றால் எந்த மலைக்கு விடுவது? நாளைக்கே நான் விட்டுவிட்டு வந்தாலும் முதலில் உண்ணிச்செடிதான் மண்டும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது.


கன்னங்குறிச்சி_தூண்டில்
திங்கள், இரவு 9.30

மேலே இவ்வளவு பேசுகிறீர்களே, கீழே இருக்கிறவனை யாராவது கேட்டீர்களா? மலையில் பெய்கிற மழை எங்கள் புது ஏரிக்கு வந்து, அப்புறம் மூக்கனேரிக்குப் போகிறது. மூக்கனேரி ஒரு காலத்தில் எப்படிக் கிடந்தது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். 2010இல் சேலம் மக்கள் குழு எடுத்துத் தூர்வாரி, வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகப் போட்டு மரம் நட்டார்கள். இப்போது அந்தத் திட்டில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கும். நான் ஞாயிறு காலை கெண்டைக்குத் தூண்டில் போடுவேன், அது நீருக்குள் பாய்ந்து பிடிக்கும். பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கிறது.

அது என்ன இயற்கை ஏரியா? எவனோ ராஜா காலத்தில் கரை கட்டினான், எவனோ பாழாக்கினான், எவனோ பொக்லைன் வைத்து வாரினான். நீர்க்காகம் வரலாறு கேட்டுவிட்டா வந்தது?


கரும்பலகை
திங்கள், இரவு 10.05

தூண்டில் அண்ணன் சொன்னதை அடிக்கோடு போட்டுக்கொள்கிறேன். அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூட்டிக்கொண்டே போவார்கள், நிலம் அழியும். அதனால் பொதுவை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உலகம் முழுக்க அதிகாரிகளுக்குப் பிடித்த வாதம் அது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அரசியல் அறிவியல் அறிஞர் சுவிட்சர்லாந்தின் மலைப்புல்வெளி, ஸ்பெயினின் வாய்க்கால் என்று போய்ப் பார்த்து, நூற்றாண்டுக் கணக்கில் ஊர்க்காரர்களே கட்டுத்திட்டம் போட்டுக் காத்த பொதுச் சொத்துகளைக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள், அதைப் பெற்ற முதல் பெண். ஊரே கூடி ஏரி, வாய்க்காலைப் பராமரிக்கும் நம் குடிமராமத்து தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மடையில் நீர் திறக்கும் நீர்க்கட்டியை யாரும் நோபலுக்குச் சிபாரிசு செய்யவில்லை.

இன்னொன்று. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, உயிர்கள் பிழைக்கும் விதத்தைப் படிப்படியாக அடுக்கினார். புலி கொன்று தின்னும். குரங்கு தான் நடாத தோப்பில் புகுந்து பறிக்கும். தேனீ எடுக்கும்போதே பூவுக்கும் ஒரு வேலை செய்துவிட்டுப் போகும். மனிதனின் பொருளாதாரம் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார்.


அரைப்படிக்காப்பி
திங்கள், இரவு 10.11

நான் குரங்கு வகை. அப்பா நட்டார், நான் பறிக்கிறேன்.


கோர்ட்டு_வாசல்
செவ்வாய், காலை 7.50

எருமைக்கு உரிமையா சலுகையா என்ற முதல் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. சட்டம் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் இயற்கை அன்னைக்குச் சட்டப்படி ஆள் என்ற தகுதி உண்டு, அதற்கு உரிமைகள் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. ஏதோ பெரிய தத்துவ வழக்கு என்று நினைக்க வேண்டாம். வனப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காகத் தண்டனை பெற்ற ஒரு வருவாய்த்துறை ஊழியர், தண்டனையை ரத்து செய்யச் சொல்லிப் போட்ட வழக்கு. தலைப்பில் கேட்ட பட்டாக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

அதற்கு முன்னால் 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் ஆட்கள் என்றது. நான்கே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மாநில அரசு எழுப்பிய சந்தேகங்களில் ஒன்று: ஆறு ஆள் என்றால், வெள்ளத்தில் செத்தவர் குடும்பம் ஆற்றின் மேல் நஷ்ட ஈடு வழக்குப் போட்டால் யார் கொடுப்பது? சிரிப்பாக இருக்கும், ஆனால் நியாயமான கேள்வி. அதே 2017இல் நியூசிலாந்து வாங்கனுயி ஆற்றுக்கு ஆள் தகுதி கொடுத்தபோது இதை யோசித்திருந்தார்கள். ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர். ஒருவரை மாவோரி மக்கள் நியமிப்பார்கள், இன்னொருவரை அரசு.

நம் திருமணிமுத்தாற்றுக்கு அப்படி இரண்டு பேர் வைத்தால் முதல் நோட்டீஸ் யாருக்கு வரும் தெரியுமா? சாயப்பட்டறைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சேலம் டவுனில் குளியலறைக் குழாயை வாய்க்காலில் விட்டிருக்கும் அத்தனை வீட்டுக்கும். என் வீடும் சேர்த்தி.


மஞ்சக்குட்டைக்காரன்
செவ்வாய், மதியம் 1.35

வக்கீல் அண்ணா, மலையை ஆள் ஆக்கக் கோர்ட்டுக்கு ஏன் போக வேண்டும்? சேர்வராயன் எங்களுக்கு எப்போதோ ஆள். உச்சியில் குகைக்குள் காவேரியம்மனோடு இருக்கிறார், மே மாதம் திருவிழா. ஆனால் சாமி என்பதால் நாங்கள் மலையைத் தொடாமல் இல்லை. உழுகிறோம், பலா பறிக்கிறோம், வீட்டுக்கு மரம் வெட்டுகிறோம். கேட்டுவிட்டு எடுப்போம். எல்லா நேரமும் கேட்டோம் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

அதே உச்சிப் பக்கம் பாக்சைட் தோண்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கினார்கள். பாக்சைட் என்றால் வேறெங்கிருந்தோ வந்த கல் இல்லை. மழை கோடிக்கணக்கான வருஷம் பாறையை அரித்து அரித்து, கரைவது எல்லாம் கரைந்து போய், கரையாமல் நின்ற மிச்சம். அதனால்தான் தட்டையான உச்சிகளில் தொப்பி மாதிரி இருக்கிறது. சாமியும் அங்கேதான், பாக்சைட்டும் அங்கேதான்.

ஒடிசாவில் நியம்கிரி மலையிலும் இதே கதை, ஆனால் முடிவு வேறு. 2006 வன உரிமைச் சட்டத்தைக் காட்டி, ஊர்க்காரர்களைக் கேளுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபை கூடியது, 12ம் வேண்டாம் என்றது. எங்கள் உச்சியில் தோண்டியபோது அப்படி ஒரு சட்டமே கிடையாது. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? லாரி வேலைக்குப் போன மாமாவும் கையைத் தூக்கியிருப்பார், எதற்கு என்றுதான் தெரியவில்லை. ஆனால் கேட்டிருப்பார்கள் இல்லையா. வெள்ளைக்கல் ஐயா சொன்னதும் அதைத்தானே.

அண்ணா (முதல் பதிவு போட்டவர்), வேலிக்கு முன்னால் ஒன்று. மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், தனியார் நிலமாக இருந்தாலும். 1955லிருந்து மலைப்பகுதி மரங்களுக்குச் சட்டம் இருக்கிறது. அதைவிட, மொத்த நிழலையும் எடுத்தால் மார்ச்சில் காப்பியைப் பூக்கவைக்கும் பூமழை தவறும் வருஷம் அரபிகா கருகிவிடும். மிளகு எதில் ஏறும்?


வாரக்கடைசி_வண்டி
செவ்வாய், இரவு 11.02

தம்பி, ஊரை இறக்கச் சொன்னது தப்பு. எழுதும்போது கண் முன்னால் விடுதிகள்தான் நின்றன, வீடுகள் தெரியவில்லை. வாபஸ்.

ஆனால் பாதியைத்தான் வாபஸ் வாங்குகிறேன். கிராம சபையில் எருமை கை தூக்குமா? யாரைக் கேட்டார்கள் என்று எல்லோரும் பேசுகிறீர்கள், கேட்கவே முடியாததை என்ன செய்வது? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்தது. அது ஒரு பதில் என்று வைத்துக்கொண்டால், நமக்கு அந்தப் பாஷை புரியும்படி யார் மொழிபெயர்ப்பது?


மஞ்சக்குட்டைக்காரன்
புதன், காலை 6.15

நல்ல கேள்வி. எனக்கும் தெரியவில்லை. ஆனால் “தண்ணிக்கு எறங்குற தடம்” என்று சொன்ன பெரியவரை யாராவது உட்கார வைத்துக் கேட்டீர்களா? இத்தனை பதிவில் எருமை சார்பில் பேசியது அவர் ஒருவர்தான். அதையும் அண்ணன் கோபம் வந்தது என்று முடித்துவிட்டார்.


அரைப்படிக்காப்பி
அடுத்த ஞாயிறு, இரவு 8.20

கேட்டேன். பெரியவரோடு கீழ்ப்பக்கம் ஓடைவரை நடந்தேன். தடம் என்று அவர் சொன்னது ஏதோ பேச்சுக்கு என்று நினைத்திருந்தேன். கோரைப்புல் ஓர் ஆள் அகலத்துக்கு இரண்டு பக்கமும் சாய்ந்து, நடுவில் மண் இறுகி, ஓடைக் கல் ஒன்றில் உரசி உரசி வழுவழுப்பாகிவிட்ட ஒரு பக்கம். கையை வைத்துப் பார்த்தேன், அம்மிக்கல் மாதிரி இருந்தது. அப்பா வாங்குவதற்கு முன்னாலிருந்தே அந்தக் கல் அப்படித்தான் என்றார் பெரியவர். பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கிறது, அந்தத் தடம் எழுதவில்லை.

முடிவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாய்ந்து நிற்கும் நான்கு ஓக்குக்கு மட்டும் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சோலார் வேலி இப்போதைக்கு இல்லை. தடத்தில் பன்னிரண்டு அடி விட்டு இரண்டு பக்கமும் கம்பியை உள்ளே இழுத்துக் கட்டிவிட்டோம், ஒரு பத்தி காப்பி போனது. மகன் வந்து குழி தோண்டினான், கையில் கொப்புளம். இது நீதியா, தோல்வியா என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும். எருமைக்கு உரிமை கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்த வழியை அடைத்திருந்தேன், திறந்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி மூன்றும் வந்தன. நாங்கள் விட்ட வழியில் வரவில்லை. மேல்பக்கக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன.


மஞ்சக்குட்டைக்காரன்
ஞாயிறு, இரவு 8.34

கேட்டு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா அண்ணா?